எழுத்து போட்ட டிரம்

அன்று காலை ஏழரை மணிக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டே பேர். நானும் மாதம்மாக்காவும். முதலாளி சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாதம்மாக்காவின் வீட்டுக்காரர் சின்னராசு பெரிய கன்றுகளை ஓட்டிக்கொண்டு மலையடி மேய்ச்சலுக்குப் போயிருந்தார். எப்போது கூப்பிட்டாலும் வரும் மாட்டு டாக்டரம்மா கம்பைநல்லூர் பக்கம் ஒரு தடுப்பூசி முகாமில் இருந்தார்.

போன வாரம், பண்ணையில் புதிதாக மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "சார், பின்கொட்டகை டிரம்முல பிஞ்ச செருப்பு ஒண்ணு கட்டித் தொங்குது. பாக்க அசிங்கமா இருக்குது. கழட்டிடட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. ஆறு வருடம் அந்தப் பண்ணையில் மேற்பார்வை பார்த்துவிட்டு வந்தவன் நான். உங்களைவிட அப்படி ஒன்றும் மூத்தவன் இல்லை. ஆனாலும் இந்த ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்தால் வந்த வினை இது.

எருமைக் கிடாக்கன்றை யாரும் ஆசைப்பட்டு வளர்ப்பதில்லை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பால்காரர் வீட்டில் கிடாய் பிறந்தால் அது தாயிடம் குடிக்கிற பாலைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கன்றுகளை வாங்கிவந்து, பகலெல்லாம் மேயவிட்டு, காலையும் மாலையும் தவிடு புண்ணாக்கு கொடுத்து, ஒன்றரை வருடம் தேற்றி, கறிக்கு விற்பது நம் வேலை. "கறிக்குத்தானப்பா போவுது, எதுக்கு இந்தப் பதற்றம்?" என்று பொம்மிடிக் கடைத்தெருவில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. போகிற நாள் வரைக்கும் அது நம்மை நம்பித் தண்ணீர் குடிக்கிற உயிர். எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

மாதம்மாக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாரண்டஹள்ளியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். பண்ணைக்குள்ளேயே ஓடு போட்ட வீடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மகள் அரூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் மகளின் படிப்பும் நின்றுபோகும். இதை அக்கா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம்.

அவருக்கென்று கொட்டகையில் ஒரு கன்றும் இருந்தது. அதற்கு முந்தின வருடம் கழிச்சல் கண்டு சாகக் கிடந்த கன்றை முதலாளி, "பொழச்சா நீயே வச்சுக்கம்மா" என்று தள்ளிவிட்டிருந்தார். அது பிழைத்துக்கொண்டது. வளர்த்தி மட்டும் வரவில்லை. அதனால் அதற்குப் பெயர் குட்டையன். வயதில் பெரியதானாலும் மேய்ச்சலுக்குப் போகாமல், புதிதாக வாங்கிய சின்னக் கன்றுகளோடு கொட்டகையிலேயே நிற்கும். அதையும் சேர்த்து அங்கே பத்தொன்பது கன்றுகள்.

முந்தின நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது. கிணற்றுக்காரர் ஒருவரிடம் கேட்டு டேங்கர் தண்ணீர் கொண்டுவந்து ஒரு நீல டிரம்மில் ரொப்பினேன். பக்கத்தில் இன்னொரு நீல டிரம். அதில் வைக்கோலுக்குத் தெளிக்க யூரியாவைக் கரைத்து வைத்திருந்தேன். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். அளவாகக் கரைத்து வைக்கோலில் தெளித்து, காற்றுப் புகாமல் சில வாரம் மூடி வைத்துக் கொடுத்தால் கன்றுக்குச் சத்து. கரைசலை அப்படியே குடித்தால் விஷம். தெளிக்க ஆரம்பிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வைக்கோலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கரைசலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கொட்டவில்லை. காசு போட்டு வாங்கிய யூரியா ஆயிற்றே.

ஆனால் நான் பொறுப்பானவன். படித்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அம்மா பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு எழுதி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். சிவப்புப் பெயின்ட் டப்பா ஒன்று வாங்கிவந்து, 'யூரியா கரைசல் – தொடாதீர்' என்று அந்த டிரம்மில் பெரிதாக எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. தள்ளி நின்று பார்த்தேன். போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாதம்மாக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, டிரம்முல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். காலையில சின்னக் கன்னுங்களுக்குத் தண்ணி காட்டிடுங்க."

எந்த டிரம் என்று சொல்லவில்லை. அதுதான் எழுதியிருக்கிறதே.

நம் பக்கத்தில் தண்ணி காட்டுவது என்றால் வெறும் தண்ணீர் வைப்பது இல்லை. தவிடும் புண்ணாக்கும் கலந்து தொட்டியில் ஊற்றி வைப்பது. முந்தின நாள் சரியாகக் குடிக்காத கன்றுகள். புண்ணாக்கு வாசனைக்கு முண்டியடித்துக்கொண்டு குடித்திருக்கின்றன.

நான் உள்ளே நுழைந்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். "தம்பி, கன்னுங்க ஒரு மாதிரி நிக்குதுங்க. தண்ணி குடிச்சு அரை அவர்கூட ஆவல."

இரண்டு கன்றுகளின் வயிறு இடப்பக்கம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. வாயில் நுரை. ஒன்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தொடைச் சதை தோலுக்கடியில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

மழை பெய்தது, அறுத்துப் போட்ட ஈரப்புல்லைத் தின்றிருக்கும், வயிறு உப்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். இந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓடிப்போய்க் கடலையெண்ணெய் கொண்டுவந்து முதல் கன்றுக்கு ஊற்றினேன். இரண்டாவதுக்கு ஊற்றினேன். மூன்றாவதின் வாயைப் பிளந்தபோதுதான் மூக்கில் ஏறியது. கன்றின் வாயிலிருந்து பஸ் ஸ்டாண்டு மூத்திரக்கொட்டாய் வாடை. கண் எரிந்தது.

தம்பிகளே, அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த நோயைக் கன்றின் மேல் மாட்டிவிட்டேன். 'என்ன குடித்தது?' என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் ஓடுகிறவன் வேலை செய்கிற மாதிரித் தெரிவான். அன்றைக்கு அப்படித்தான் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தேன். எழுத்து போட்ட டிரம் பாதி காலியாக இருந்தது. பக்கத்து டிரம் நிறைய நிறைய, மேலே ஒரு வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது.

"அக்கா, எந்த டிரம்முல மொண்டீங்க?"

"இதுலதான் தம்பி." எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "நல்ல தண்ணியாத்தான் பாத்துக் குடுத்தேன்."

அவர் ஏன் அதை நல்ல தண்ணீர் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நின்று கேட்க நேரமும் இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கே வந்தார். "வினிகர் இருக்கா?"

"என்னது மேடம்?"

"வினிகர். புளிப்பு வேணும், வயித்துக்குள்ள போயாகணும். பாட்டில் பாட்டிலா வேணும். அது வர்ற வரைக்கும் புளிச்ச மோர். கூடவே பச்சைத் தண்ணி, எவ்வளவு குளிர்ச்சியா கிடைக்குதோ அவ்வளவு நல்லது. நான் கிளம்பிட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆகும். எத்தனை படுத்திருக்கு?"

எண்ணினேன். "அஞ்சு மேடம்."

"படுத்ததுக்கு ஊத்தாதீங்க. அது முழுங்காது, நுரையீரலுக்குப் போயிடும், நீங்களே கொன்னதா ஆயிடும். நிக்கிறதைப் பாருங்க. புரியுதா? நிக்கிறதை மட்டும்."

பொம்மிடியில் காலை எட்டு மணிக்கு வினிகருக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அப்போதுதான் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் சாயங்காலம் கோபி மஞ்சூரியன் போடும் செல்வம் ஞாபகத்துக்கு வந்தார். தூங்கிக்கொண்டிருந்தவரைப் போன் போட்டு எழுப்பினேன்.

"வினிகரா? எத்தனை பாட்டிலு?"

"இருக்கிறது எல்லாம்."

"என்ன சாரு, கன்னுக்குட்டிக்கு மஞ்சூரியன் போடப்போறீங்களா?"

"சாவுதுங்க, அண்ணே."

அவர் போனை வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் டிவிஎஸ்ஸில் அட்டைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, கைலியோடு வந்து நின்றார். பன்னிரண்டு பாட்டில். மாதம்மாக்கா அதற்குள் பக்கத்து இரண்டு வீடுகளில் இருந்த மோரை எல்லாம் குடத்தோடு கொண்டுவந்திருந்தார்.

நின்றுகொண்டிருந்தவை பதினாலு. பாட்டில் பன்னிரண்டு. உடம்பு நன்றாக இருந்த இரண்டுக்கு மோர் என்று ஒதுக்கினேன். செல்வம் கொம்புக்கு அடியில் பிடித்துக்கொள்ள, நான் வாயோரத்தில் பாட்டிலை விட்டு மெல்ல மெல்ல ஊற்றினேன். பின்னாலேயே தண்ணீர். நாலாவது கன்றில் இருந்தபோது மாதம்மாக்கா என் கையைப் பிடித்தார்.

குட்டையன் படுத்துவிட்ட ஐந்தில் ஒன்று. காலை நீட்டிக்கொண்டு, கழுத்தை முதுகுப்பக்கம் வளைத்துக் கிடந்தது.

"தம்பி, இதுக்கு ஒரு பாட்டில் குடுங்க."

"அக்கா, படுத்ததுக்கு ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"கண்ணு தொறந்திருக்குது பாருங்க. என்னையப் பாக்குது. நானு ஊத்துனா முழுங்கும். பாலு பாட்டில்ல ஊத்தி வளத்தது நாந்தானே."

"வேண்டாங்க அக்கா."

"ஒரு பாட்டில் தம்பி. எங்கூலியில புடிச்சுக்கங்க."

அவர் கையை விடுவித்துவிட்டு ஐந்தாவது கன்றுக்குப் போனேன். பின்னால் அவர் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நன்ன கரு, நன்ன கரு" என்று முனகிக்கொண்டே இருந்தார். கன்றை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். என் கன்று, என் கன்று. பாட்டில்கள் தீரும்போது அந்தச் சத்தமும் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் செய்தது சரிதானா என்று கேட்டால், டாக்டரம்மா சரி என்கிறார். ஆனால் படுத்த ஐந்தில் ஒரு கன்று, அவர் வந்து குழாய் விட்டு வயிற்றைக் கழுவிய பிறகு எழுந்து நின்றது. அது ஏன் எழுந்தது, குட்டையன் ஏன் எழவில்லை என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். முடிவு சரியாகவே இருந்தாலும் அது உங்களோடு வீட்டுக்கு வரும்.

நிற்க வைத்து ஊற்றியதிலும் மூன்று போயின. மொத்தம் ஏழு.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பையைக் கீழே வைக்க இடம் தேடினார். சின்னராசுவும் செய்தி கேட்டு மேய்ச்சலைப் பாதியில் விட்டுக் கன்றுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"யாரு தண்ணி காட்டுனது?"

"நாந்தாங்க" என்றார் மாதம்மாக்கா.

முதலாளி டிரம்மைப் பார்த்தார். "இத்தாம் பெருசா எழுதி வச்சிருக்குது. செகப்புல எழுதி வச்சிருக்குது. கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது உனக்கு?"

மாதம்மாக்கா டிரம்மையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அவர் 'எழுதி வச்சிருக்குது' என்று சொன்னபோது என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. எழுதி வைத்தவன் நான், போட்டோ இருக்கிறது, என் மேல் தப்பு இல்லை. ஏழு கன்று செத்துக் கிடக்கிற இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"கணக்க முடிச்சுக்கிட்டு ரெண்டு நாள்ல வூட்டக் காலி பண்ணுங்க" என்று சின்னராசுவிடம் சொன்னார் முதலாளி. சின்னராசு துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். முதலாளிக்கு அது போதவில்லை. மாதம்மாக்காவிடம் திரும்பினார். "இங்க வா. இப்பவாவது படி. எல்லாரும் கேக்கட்டும். என்னா போட்டிருக்குது?"

மாதம்மாக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிரம்மின் பக்கத்தில் போனார். என் சிவப்பு எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தினார்.

"குடிநீர்னுதானுங்களே போட்டிருக்குது."

செல்வம் சிரிக்க வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டார்.

மாதம்மாக்கா பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் போர்த் தண்ணீரைக் குடித்தால் பல் பழுப்பேறும், வயசானால் முட்டி மடங்காது. அதனால் ஊருக்கு ஊர் இரண்டு தொட்டி. ஒன்று போர்த் தண்ணீர், துணி துவைக்க, மாடு கழுவ. அதில் எழுத்து இருக்காது. இன்னொன்று ஆற்றுத் தண்ணீர். அதில் 'குடிநீர்' என்று பெரிதாகப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுத்து தெரியாதவர்களுக்கு எழுத்தே அடையாளம். எழுத்து போட்டிருந்தால் நல்ல தண்ணீர். என் அம்மாவும் இன்றுவரை அப்படித்தான் பிடிக்கிறார். "எழுத்து போட்ட பைப்புல புடிச்சாடா" என்று சின்ன வயதில் என்னை அனுப்பியிருக்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இரண்டு நீல டிரம். ஒன்றில் எழுத்து, ஒன்றில் இல்லை. நோஞ்சான் கன்றுகளுக்கு நல்ல தண்ணீராகக் கொடுக்கலாம் என்று அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். எழுதி வைத்து, விஷத்தைக் கையால் காட்டியிருக்கிறேன்.

"ஐயா, அக்கா மேல தப்பு இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "எந்த டிரம்னு நான் வாயால சொல்லலீங்க. எழுதி மட்டும் வச்சேன். கொட்டகையில வேலை பாக்குறவங்கள்ல படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்தன்தாங்க. எனக்கே நான் எழுதி வச்சுக்கிட்டேன்."

"எழுதி வச்சது தப்பா?"

"கரைசலக் கொட்டாம விட்டது தப்புங்க. சொல்லாம விட்டது தப்புங்க. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சின்னராசுவைப் பார்த்தார். சந்தனத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "குழி தோண்ட ஜேசிபிக்குச் சொல்லு" என்றார். காலி பண்ணச் சொன்னதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். காலையில் உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுப்பவர் மாதம்மாக்காதான்.

மூன்றாம் நாள் நான் எழுத்தை மண்ணெண்ணெய் விட்டு அழித்துக்கொண்டிருந்தேன். மாதம்மாக்கா பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை என்னிடம் பேசாமல்தான் இருந்தார்.

"மறுக்கா வேற என்னாவோ எழுதப்போறீங்களா?"

"இல்லீங்க அக்கா. மண்டை ஓடு படம் போடலாமான்னு பாக்குறேன்."

"அது வேற எதுக்கு, மூஞ்சி பொம்மையின்னு நெனைக்கவா?" உள்ளே போய், வார் அறுந்த செருப்பு ஒன்றை எடுத்துவந்தார். கயிறு கோத்து டிரம் கழுத்தில் கட்டினார். "இதுல எவ மொள்ளுவா பாக்கலாம். மொண்டா அவ மனுசி இல்ல."

சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, திருஷ்டிக்கா என்று கேட்டுச் சிரித்தார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கழட்டாதீர்கள். புதிதாக எதையாவது செய்யத் தோன்றினால், முதலில் மாதம்மாக்காவைக் கூப்பிட்டு, இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

முதலாளி போட்ட கணக்கில் செத்தது ஆறு கன்று. குட்டையன் அவருடையது இல்லையே. ஆறும் ஒன்பதாயிரம் வீதம் ஐம்பத்து நாலாயிரம். ஜேசிபி இரண்டாயிரத்து நானூறு, சுண்ணாம்பும் உப்பும் அறுநூற்று ஐம்பது, மருந்து மூவாயிரத்து நூற்று ஐம்பது, வினிகர் ஐந்நூற்று நாற்பது. மோருக்கு யாரும் காசு வாங்கவில்லை. அவர் அதோடு கோடு போட்டுவிட்டார். கோட்டுக்குக் கீழே நான் இரண்டு வரி சேர்த்தேன். குட்டையனுக்கு ஒன்பதாயிரம், மாதம்மாக்காவுக்கு என் சம்பளத்திலிருந்து ஆறு மாதம் பிரித்துக் கொடுத்தது. சிவப்புப் பெயின்ட் தொண்ணூறு. ஆக மொத்தம் அறுபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று முப்பது ரூபாய்.